கல்லுக்குள் ஒரு குமிழி: நுணுக்குக்காட்டிப் படங்கள் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

நான் ஹட்டன் பக்கம். கல் வெட்டும் பட்டறையில் வேலை பழகப் போய், கல்லைவிடக் கல்லுக்குள் கிடப்பதில் மனம் சிக்கிக்கொண்டவன். உள்ளே கிடக்கும் அந்த ஊசி, பளிங்கு, நீர்த்துளி எல்லாவற்றையும் நான் உட்பொதிவு என்பேன். கடையில் குறை என்பார்கள். இரண்டு வேண்டுகோள். விலை கேட்காதீர்கள். படத்தைக் காட்டி அசலா போலியா என்றும் கேட்காதீர்கள். எப்படியும் கேட்பீர்கள், சரி, தொடங்கலாம்.

பொகவந்தலாவை: அண்ணே, புதிதாகத் தொடங்க என்ன வாங்க வேண்டும்? கையில் காசு குறைவு.

தம்பி, முதலில் 10 மடங்கு கைவில்லை ஒன்று. அதில் ஒரு மாதம் கல் பாருங்கள். எதைப் படமெடுக்க ஆசை என்று தெரியாமல் கெமரா வாங்கிப் பயனில்லை.

அடுத்தது இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுணுக்குக்காட்டி. 10 முதல் 40 மடங்கு வரை போனால் போதும். பழையது கிடைத்தால் வாங்கலாம், ஆனால் வில்லைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல வெள்ளை நூல் ஓடினால் அது பூஞ்சணம், வேண்டாம். போனைக் கண்வில்லையோடு பிடித்து நிறுத்தும் கவ்வி ஒன்றும் வேண்டும்.

மிச்சக் காசையும் பொறுமையையும் வெளிச்சத்தில் போடுங்கள். கல்லுக்குக் கீழே கறுப்புக் கடதாசி. பக்கவாட்டில் இருபுறமும் சின்ன எல்இடி டோர்ச், அதன் வாயில் ரிஷூ கடதாசி ஓர் அடுக்கு. வெளிச்சம் பக்கத்தால் மட்டும் நுழைவதால் கல் இருண்டு, உள்ளே இருக்கும் ஊசியும் பளிங்கும் மட்டும் பளிச்சென்று எழும். இதற்கு இருட்புல ஒளி என்று பெயர். மேலேயிருந்து வட்ட விளக்கைப் போட்டால் பட்டையெல்லாம் பளபளத்து உங்கள் விளக்கின் படம்தான் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கல்லைத் துடையுங்கள். விரல் எண்ணெயும் துணி நூலும் 40 மடங்கில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. நல்ல மெல்லிய துணி, ஒரு சொட்டு ஐசோபுரோபைல் அற்ககோல். எண்ணெய் ஊட்டிய மரகதத்துக்கும் ஓபலுக்கும் மட்டும் அற்ககோல் கூடாது.

கொட்டகலை: பாடசாலை நுணுக்குக்காட்டி உதவுமா?

வெங்காயத் தோல் பார்த்ததா? ஆகக் குறைந்த வில்லையில் மட்டும், தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி கல்லை வைத்து. பெரிய வில்லைக்குப் போனால் கண்ணாடி கல்லில் இடிக்கும். குருந்தம் (மாணிக்கமும் நீலக்கல்லும் அந்த இனம்) கண்ணாடியைக் கீறிவிடும், பிறகு அதிபருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நுவரெலியா: சொன்னால் சிரிப்பீர்கள். வெளிர்நீலக் கல் ஒன்றுக்குள் சின்னப் பள்ளம், அதற்குள் ஒரு குமிழி. காலையில் தெளிவாகப் பார்த்தேன். விளக்கைச் சரிசெய்து போனை மாட்டிய பிறகு குமிழியைக் காணவில்லை. என் கண்ணில் கோளாறா?

சிரிக்கவில்லை தங்கச்சி. இன்று வந்த கேள்விகளில் இதற்காகத்தான் இன்னொரு தேநீர் ஊற்றிக்கொண்டு உட்காருகிறேன்.

அது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. இலங்கை நீலக்கல் ஆழத்தில் வளர்ந்தபோது அப்போதிருந்த பாய்மம் அதற்குள் அடைபட்டது. அறை குளிராக இருந்தால் அதில் ஒரு பகுதி திரவமாகவும் ஒரு பகுதி வாயுவாகவும் பிரிந்து நிற்கும்; நீங்கள் பார்த்த குமிழி அந்த வாயு. 31.1 பாகை செல்சியஸ்தான் காபனீரொட்சைட்டின் எல்லை. அதற்கு மேல் திரவம், வாயு என்ற பிரிவே கிடையாது, இரண்டும் ஒன்றாகிவிடும். அடர்த்தியைப் பொறுத்துச் சில கற்களில் அதற்கு முன்பே குமிழி மறையும். உங்கள் விளக்கு கல்லைச் சூடாக்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

கொழும்பில் விளக்குக்கடியில் கல் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி எளிதில் வாய்க்காது. உங்கள் ஊர்க் குளிர் உங்களுக்குக் கிடைத்த சொத்து. விளக்கை அணைத்துக் கல்லை ஜன்னலோரம் கொஞ்ச நேரம் வையுங்கள். கெமராவை முதலில் தயார் செய்துவிட்டு, குளிர்ந்த எல்இடியைக் கடைசியில் போடுங்கள். குமிழி திரும்பும்போது சில நேரம் சோற்றுப்பானை கொதிப்பது போலச் சிறு குமிழிகள் கூட்டமாகப் பிறந்து ஒன்று சேரும். வீடியோ எடுங்கள்.

இன்னொன்று. கெவுடா என்ற மங்கலான கல்லை நீலமாக்க உலையில் 1500 பாகைக்கு மேல் ஏற்றுவார்கள். அந்தச் சூட்டில் இந்தப் பள்ளங்கள் வெடித்துச் சுற்றிலும் தட்டுப் போல விரிசல் விழும். குமிழி நகரும் பள்ளம் முழுசாக இருக்கிறது என்றால் அந்தக் கல் அப்படியான உலையைப் பார்த்ததில்லை. தயவுசெய்து பட்டறையில் யாரிடமும் கொடுத்துச் சூடாக்கிவிடாதீர்கள்.

பண்டாரவளை: என்ன போன் வாங்கலாம்?

கையில் இருப்பது. அகலக்கோண வில்லையை விட்டுப் பிரதான வில்லையில் எடுங்கள். குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, 2 விநாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

நாவலப்பிட்டி: கோமேதகம் எடுத்தால் எல்லாப் படமும் கலங்கி வருகிறது. வில்லை கெட்டுவிட்டதா?

வில்லை நல்லது, கல்லும் நல்லது. சுடுநீரில் சீனிப்பாகு ஊற்றியது போல நெளிவது கோமேதகத்தின் குணம். அந்தக் கலக்கத்தையே படமெடுங்கள். நடுவில் உருண்டையான சின்னப் பளிங்குகள் கிடக்கும், அவற்றில் குவியம் வையுங்கள்.

தலவாக்கலை: படம் அசைகிறது. நாங்கள் லயத்தில் இருக்கிறோம், பலகைத் தரை.

எனக்கும் அதே பாடுதான். ரயில் போகும்போதெல்லாம் படம் ஆடும். கடைசியில் பாட்டியின் உடைந்த அம்மிக்கல்லை மேசையில் ஏற்றி, அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தேன், அதன்மேல் நுணுக்குக்காட்டி. பாட்டிக்குத் தெரிந்து ஒரு வாரம் பேச்சில்லை. ஆனால் படம் ஆடவில்லை. பக்கத்து வீட்டில் மா இடித்தால் மட்டும் நிறுத்திவிடுவேன்.

ஊசி ஒன்றின் நுனி தெளிந்தால் அடி மங்குகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெருக்கம் கூடக் கூடத் தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கும். குவியத்தைச் சிறுகச் சிறுக நகர்த்தி 20, 30 படம் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், சரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாக அடுக்குங்கள். நடுவில் கல்லைத் தொட்டால் முதலிலிருந்து.

அப்புத்தளை: என்ன போன் நல்லது?

பண்டாரவளைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

நானுஓயா: பட்டை தீட்டாத கல்லைத் தேங்காய் எண்ணெயில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

நல்ல யோசனைதான், கரடுமுரடான மேற்பரப்பு மறைந்து உள்ளே தெரியும். ஆனால் நானுஓயாவில் தேங்காய் எண்ணெய் உறைந்து மெழுகாகிவிடுமே! கிளிசரின் அல்லது பேபி ஒயில் எடுங்கள். டையயடோமெத்தேன் என்ற திரவத்தை யாராவது சொல்லுவார்கள். ஒளிமுறிவு 1.74, குருந்தத்துக்கு நெருக்கம், காட்சி அற்புதம். நச்சு. ஜன்னல் மூடிய குளிர் அறையில், பிள்ளைகள் இருக்கும் வீட்டில், கூடவே கூடாது.

இராகலை: இந்தப் படத்தைப் பார்த்துக் கல் அசலா என்று சொல்லுங்கள்.

முடியாது. கல்லைத் துடைத்து வேறு படமெடுங்கள், அப்போதும் முடியாது.

பதுளை: அம்மாயியின் மோதிரத்துச் சிவப்புக் கல்லில் வளைந்த கோடுகள் தெரிகின்றன. அழகாக இருக்கின்றன. எப்படிப் படமெடுப்பது?

கறுப்புக் கடதாசியை எடுத்துவிட்டு, கீழிருந்து ரிஷூ வழியாக மெல்லிய வெளிச்சம் கொடுங்கள். கல்லை மெதுவாகச் சரித்துக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் கோடு தெளியும்.

கேட்காததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இயற்கைக் குருந்தத்தின் வளர்ச்சிக் கோடு நேராகவும் கோணமாகவும் ஓடும், வளையாது. வளைந்த கோடு, தீச்சுடரில் உருக்கித் துளித்துளியாக வளர்த்த கல்லின் அடையாளம். அந்த முறையை வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் வெளியிட்டார். உலகம் முழுக்கப் பழைய மோதிரங்களில் இந்தக் கல் இருக்கிறது. உறுதிக்கு ஆய்வுகூடத்தில் காட்டுங்கள். அம்மாயியிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம்.

இரத்தினபுரியிலிருந்து ஒரு வியாபாரி: குறையைப் பெரிதாக்கி ஊருக்குக் காட்டுகிறீர்கள். சுத்தமான கல்லுக்குத்தான் விலை. எங்கள் பிழைப்பில் மண் போடுவதற்கு ஒரு வகுப்பா?

மாத்தளை: அவர் சொல்வது சரி. உள்ளே ரேகை ஓடும் கல் தோஷம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

முதலாளி, கோபிக்காதீர்கள். மாத்தளை ஐயா, நீங்களும் கேளுங்கள்.

குறை பார்ப்பது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. கோவலன் மதுரைக் கடைத்தெருவில் நடக்கும்போது வயிரத்துக்கு நான்கு குறை சொல்கிறார் இளங்கோ: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் கால் போன்ற விரிசல், மங்கல், புள்ளி, கோடு. உற்றுப் பார்க்காதவனால் அப்படிப் பெயர் வைக்க முடியுமா?

இனித் தோஷத்துக்கு வருவோம். நவரத்தினத்தில் வைடூரியத்துக்குக் கண் எப்படி வருகிறது? ஒரே திசையில் நெருக்கமாகக் கிடக்கும் நுண்ணிய ஊசிகளிலும் குழாய்களிலும் பட்டு வெளிச்சம் ஒரு கோடாகத் திரள்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லாத வைடூரியத்துக்குக் கண்ணே இருக்காது. நட்சத்திர நீலக்கல்லும் அப்படித்தான். ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள் மூன்று திசையில் ஓடுவதால் ஆறு கதிர். நியூயோர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் 563 கரட் நட்சத்திரக் கல் இந்த மண்ணில் எடுத்தது. தோஷம் என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

கெவுடாவின் கதை முதலாளிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பால் போல மங்கிய கல் என்று நம்மவர்கள் அற்ப விலைக்குத் தள்ளியதைத் தாய்லாந்து வியாபாரிகள் 1970களில் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மங்கல் ரூட்டைல். உலையில் அது கரைந்து, அதன் டைட்டேனியம் இரும்போடு சேர்ந்து நீலமாகிறது. குறை என்று எறிந்ததற்குள்தான் நிறம் இருந்தது.

கல் எந்த மண்ணில், எந்தச் சூட்டில் பிறந்தது என்பதற்கு உட்பொதிவுதான் சாட்சி. பிறந்த இடத்துக்குக் காகிதம் காட்டு என்று, குடியுரிமைச் சட்டம் வந்த 1948இலிருந்து அலைக்கழிக்கப்பட்ட மலையகத்தானுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

மறுபடியும் இரத்தினபுரி: பேச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் உங்களைப் போன்றவர்கள் எடுத்த சில்க், அதாவது உள்ளே பட்டு நூல் போலக் கிடக்கும் ஊசிகளின் படத்தைக் காட்டி, சூடுபடாத கல் என்று விற்கிறார்கள். அதற்கு என்ன பதில்?

நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன்.

சில்க் இருப்பதால் மட்டும் சூடுபடாத கல் என்று சொல்ல முடியாது. குறைந்த சூட்டை மட்டும் பார்த்த கல்லில் ஊசிகள் அப்படியே இருக்கலாம். ஊசி உடைந்து புள்ளிப் புள்ளியாகக் கிடந்தால் சந்தேகப்படலாம். உடையவில்லை என்பது தனியே அத்தாட்சி ஆகாது. ஒரு முறை என் படமும் வேறொரு கல்லோடு சேர்ந்து ஒரு கடையில் தொங்கியது, நானே பார்த்தேன். அன்றிலிருந்து கல்லின் எடையும் அளவும் எழுதாமல் படம் கொடுப்பதில்லை.

வெலிமடை: நிறத்தைக் கூட்டிப் போடுவதும் பொய்தானே? எல்லோரும் செய்கிறார்கள்.

பொய்தான். வெள்ளைக் கடதாசியை முதலில் எடுத்து அதற்கு நிறச்சமநிலை வையுங்கள், பிறகு கை வைக்காதீர்கள்.

மஸ்கெலியா: போன்...

பண்டாரவளை.

கினிகத்தேனை: நுணுக்குக்காட்டியை அரிசிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்காதாமே?

அரிசித்தூள் போய் ஒட்டும். காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் காயவைத்து மீண்டும். நம் ஊர் மழையில் தோல் உறையில் மூடி அலுமாரிக்குள் வைப்பது பூஞ்சணத்துக்குப் பாய் விரிப்பது.

நோர்வூட்: ஆற்றோரத்தில் கல் எடுத்துத்தான் படமெடுக்கிறேன். பிரச்சினை வருமா?

அனுமதி இல்லாமல் தோண்டினால் வரும். தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். பழகுவதற்குப் பட்டறையில் ஒதுக்கிய உடைசல் போதும்.

ஹப்புகஸ்தலாவை: சந்திரகாந்தக் கல்லுக்குள் பூரான் மாதிரி ஒன்று!

இறுக்கத்தில் விழுந்த விரிசல். உலகமே அதைப் பூரான் என்றுதான் சொல்கிறது. கடிக்காது.

மறுபடியும் நுவரெலியா: அண்ணே, குமிழி வந்துவிட்டது! ஜன்னலோரம் வைத்தேன், நீங்கள் சொன்னது போலக் கொதித்துக்கொண்டு வந்தது. வீடியோவும் எடுத்தேன். சுற்றிலும் நிறைய வெள்ளைப் புள்ளிகள் மினுங்குகின்றன, அவை சேர்கோனா?

வீடியோ பார்த்தேன். 9ஆவது விநாடியில் குமிழி திரும்பும் இடத்தை மூன்று தரம் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி சேர்கோன் பளிங்கு இல்லை தங்கச்சி, உங்கள் கம்பளிச் சட்டை. கல்லைத் துடைத்துவிட்டு நாளைக் காலை இன்னொன்று எடுங்கள், குமிழி எங்கேயும் போகாது.