பெற்றோரும் குழந்தையும் உடன் வர, ஒரு வாரம் தென்னிந்தியாவைக் காரில் சுற்ற எது நல்ல வழி?

திருச்சியிலிருந்து கிளம்புகிறோம், எழுபதைத் தாண்டிய பெற்றோரும் ஏழு வயது மகளும் வருகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பமும் ஏறக்குறைய இதே சேர்மானம்தான், ஊரும் அதே ஊர். அந்த உரிமையில் சொல்கிறேன்: கிலோமீட்டர் கணக்கை ஓரமாக வையுங்கள். காரில் சுற்றுகிறவர்களின் நாளைத் தீர்மானிப்பவை கதவுகள். காட்டுச் சாலையை இரவில் அடைத்துவிடுவார்கள். கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். அரண்மனையில் மாலை ஆனால் டிக்கெட் கிடையாது. இவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இடையில் சாலையைப் பொருத்துங்கள்.

நான் சொல்லும் வழி இது: திருச்சி, ஈரோடு, சத்தியமங்கலம், மைசூர், வயநாடு, கோழிக்கோடு, குருவாயூர், பாலக்காடு, கோவை, திருச்சி. மூன்று மாநிலங்களைத் தொடும் ஒரே வட்டம். போன சாலையில் திரும்பி வர வேண்டியதில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புங்கள். ஏன் சனி என்பதைப் பிறகு சொல்கிறேன். மைசூர் 350 கிலோமீட்டருக்குள்தான் வரும். ஆனால் நடுவில் திம்பம் மலைப்பாதை இருக்கிறது. 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகம் என்பதால், 2022 பிப்ரவரியிலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. மாலைக்கு மேல் அந்தப் பக்கம் போகும் திட்டமே வேண்டாம். காலை பத்து மணிக்குள் பண்ணாரி வந்துவிட்டால் நிம்மதி. லாரி ஓட்டுநர்கள் மலை ஏறும் முன் பண்ணாரி அம்மன் கோயில் வாசலில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். நீங்களும் நிறுத்துங்கள். பக்திக்காக இல்லாவிட்டாலும் கழிப்பறைக்காகவாவது. அதற்கு மேல் ஆசனூர் வரை வயதானவர்களை நம்பி இறக்கிவிட ஓர் இடம் கிடையாது. பங்குனியில் குண்டம் திருவிழா நடக்கும் நாட்களில் மட்டும் இந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள்.

வளைவுகளில் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். லாரி திரும்பும்போது அதற்கு முழுச் சாலையும் வேண்டும். வளைவுக்கு இருபதடி முன்பே ஓரம் கட்டி நின்றுவிடுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது மலைப்பாதையின் பழைய ஒழுங்கு. ஆனால் கரும்பு ஏற்றிய லாரியிடம் போய் ஒழுங்கு பேச வேண்டாம்.

கரும்பு என்றதும் காராப்பள்ளம் நினைவுக்கு வருகிறது. கர்நாடக எல்லையை ஒட்டிய சோதனைச் சாவடி அது. சாமராஜநகர் பக்கமிருந்து கரும்பு ஏற்றிவரும் லாரிகளை யானைகள் அங்கே நின்று எதிர்பார்க்கும். முன்பு ஓட்டுநர்கள் ஆளுக்கு இரண்டு கட்டு எடுத்துப் போட்டுப் பழக்கிவிட்டார்கள். நாங்கள் போனபோது ஒரு தாய் யானையும் குட்டியும் சாலையோரம் நின்றிருந்தன. முன்னால் போன லாரி வேகம் குறைந்ததும், தாய் சாவகாசமாகத் தும்பிக்கையை உயர்த்தி, கயிற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கழிகளை மட்டும் உருவிக் கீழே போட்டது. குட்டி அவற்றைக் காலால் இழுத்துக்கொண்டது. "அப்பா, இந்த யானைதான் இங்கே டோல்கேட்டா?" என்று மகள் கேட்டாள். சிரிக்கலாம், ஆனால் ஜன்னலை ஏற்றிக்கொண்டு சிரியுங்கள். நல்ல இடைவெளி விட்டு நில்லுங்கள். ஹாரன் கூடாது, இறங்கிப் படம் எடுப்பது கூடவே கூடாது, தின்ன எதையும் வீசாதீர்கள். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தினாலே அபராதம் போடுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

இப்போது சனிக்கிழமைக் கணக்கு. மைசூர் அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் இரவில் விளக்கேற்றுவார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள், ஒரு மணி நேரம்கூட எரியாது. சனி மாலை மைசூர் சேர்ந்தால் ஞாயிறு இரவு இதைப் பார்த்துவிடலாம். உள்ளே சுற்றிப் பார்ப்பதைத் திங்கள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குத் திறந்தவுடன் நுழைந்தால், பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து இறங்குவதற்குள் பாதி முடிந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு வெகுதூரம் நடக்க வேண்டும் என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய மர அரண்மனை 1897இல் எரிந்துபோக, ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி 1912இல் கட்டி முடித்தது இது. நம் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. தெரிந்துகொண்டு பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கும் உள்ள உறவு கண்ணில் படும். மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நம் கணக்கில் செவ்வாயன்று மைசூரில் இருக்கவே மாட்டோம்.

ஞாயிறு காலை ஸ்ரீரங்கப்பட்டணம். திருச்சிக்காரர்கள் இதை விடக் கூடாது. காவிரித் தீவுகளில் பள்ளிகொண்ட மூன்று ரங்கநாதர்களில் இவர் ஆதிரங்கர். சிவனசமுத்திரத்தில் இருப்பவர் நடுரங்கர். நம்மூர்ப் பெருமாள் கடைசி. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மா, சன்னதியில் நின்று வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார். வெளியே வந்தபிறகு, "நம்முடையதுதான் பெரியது" என்று முடித்துவிட்டார். மதிய நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். ஆகவே முதலில் கோயில், அப்புறம் திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத் பாக். 1784இல் கட்டி முடித்த தேக்கு மாளிகை. சுவரெல்லாம் ஓவியம். மேற்குச் சுவரில் இருப்பது 1780இல் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த பொள்ளிலூர்ப் போர். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுவதையும், காயம்பட்ட ஆங்கிலேயத் தளபதி பெய்லி பல்லக்குக்குள் உட்கார்ந்திருப்பதையும் குழந்தையிடம் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் மகள் குதிரைகளை எண்ண ஆரம்பித்து, அங்கிருந்து நகரவே மறுத்தாள். வெயில் ஏறினால் அறைக்குத் திரும்பிப் படுத்துவிடுங்கள். மதியத்தில் இரண்டு மணி நேரம் படுக்காத முதியவர் மாலையில் எல்லோரையும் படுத்திவிடுவார்.

திங்கள் மதியம் வயநாடு கிளம்பலாம். நஞ்சன்கூட்டில் ரசபாளே வாழைப்பழம் கிடைத்தால் வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற பழம் அது, தோல் கறுத்த பிறகுதான் ருசி. குண்டுலுப்பேட்டையில் சாலை பிரியும். ஒன்று பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கு, மற்றது முத்தங்கா வழியாக வயநாட்டுக்கு. இரண்டிலும் இரவு 9 முதல் காலை 6 வரை தனியார் வண்டிகள் போக முடியாது. 2009இல் தொடங்கிய தடை. மைசூரில் கடைவீதி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒன்பது மணி தாண்டிக் குண்டுலுப்பேட்டை வந்து சேர்கிறவர்கள் அங்கேயே அறை தேட வேண்டியதுதான்.

ஊட்டிக்கே போய்விடலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். 2024 மே முதல் அங்கே இ-பாஸ் வேண்டும், சீசனில் ஒருவழிப் பாதை மாற்றங்கள் வேறு. முதியவர்களை வைத்துக்கொண்டு நெரிசலில் நிற்பதற்கு வயநாடு எவ்வளவோ மேல்.

வயநாட்டில் விடுதி எடுக்கும்போது ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: கார் வாசல் வரை வருமா? நாங்கள் பணம் கட்டியிருந்த ஓரிடத்தில், தார்ச்சாலை முடிந்த பிறகு செங்குத்தான கல்பாதை. அதில் கார் ஏறவில்லை. "ஜீப் வரும் சார், அதற்குத் தனிக் கட்டணம்" என்று போனில் வெகு அமைதியாகச் சொன்னார்கள். அப்பா ஜீப்பின் இரும்புக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, பேத்தியிடம் பயமில்லாதவர்போலக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். தரைத்தள அறையா, மேற்கத்தியக் கழிப்பறையா என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படங்களில் தெரியும் பனிமூட்டம் முழங்கால் வலிக்கு மருந்தாகாது.

எடக்கல் குகைக்கு நல்ல ஏற்றம் ஏற வேண்டும். பெற்றோருக்கு வேண்டாம். நீங்களும் மகளும் ஏறுங்கள், மற்றவர்கள் கீழே டீ குடிக்கட்டும். எல்லோரும் சேர்ந்து போக பாணாசுர சாகர் அணை நல்லது. இந்தியாவின் மிகப் பெரிய மண் அணை என்பார்கள். கபினியின் துணையாறு ஒன்றில் கட்டியது. வயநாட்டில் பெய்யும் மழையில் பெரும்பங்கு மேற்கே அரபிக் கடலுக்குப் போகாமல், கிழக்கே ஓடிக் கபினியாகி, டி.நரசிபுரத்தில் காவிரியோடு சேர்ந்து, மேட்டூர் வழியாக நம் முக்கொம்புக்கு வருகிறது. ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் வருமா என்று கர்நாடக அணை நிலவரத்தைத் தினமும் செய்தித்தாளில் பார்க்கும் என் அப்பாவுக்கு, இந்த இடத்தில் மழை பெய்தால்தான் அங்கே தண்ணீர் என்று காட்டியது பயணத்திலேயே அவருக்குப் பிடித்த விஷயம். அணைக்கரையில் நின்று ஊருக்குப் போன் போட்டு யாரிடமோ விளக்கினார்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வயநாட்டைக் கையில் எடுக்காதீர்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் நேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். தசராவின்போது மைசூரில் அறை கிடைக்காது. கார்த்திகை, மார்கழியில் குருவாயூரில் ஐயப்ப பக்தர் கூட்டம். தை, மாசிதான் என் ஓட்டு. பள்ளிக்கு ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுங்கள், ஏழு வயதில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

புதன் காலை தாமரசேரிச் சுரம் இறங்குங்கள். ஒன்பது வளைவுகள்தான், ஆனால் வார இறுதியில் மணிக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பாதி வழியில் கருகல் வாடை வரும். வாடை வந்தால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குழந்தைக்கு வாந்தி வருமானால் கிளம்பும் முன் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, புறப்படுவதற்கு முன்பே கொடுத்தால்தான் பலன். சுரத்தின் உச்சியில் லக்கிடியில் சங்கிலி கட்டிய மரம் ஒன்று நிற்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு வழி காட்டிய கரிந்தண்டன் என்ற பழங்குடி மனிதரை அவர்களே கொன்றுவிட்டதாகவும், அவருடைய ஆவியை அந்தச் சங்கிலியில் கட்டிவைத்திருப்பதாகவும் கதை.

கோழிக்கோட்டில் ஒரு மாலை போதும்: கடற்கரை, மிட்டாய்த் தெருவில் அல்வா. சாப்பாட்டுக்கு முன் "பச்சரிச் சோறு உண்டோ?" என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் சிவந்த, பருத்த மட்டை அரிசிச் சோறு வரும். சிலருக்கு அது சேராது. தம்ளரில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைப்பார்கள். யாரோ கை கழுவிய தண்ணீர் என்று எங்கள் மகள் தள்ளி வைத்தாள். பதிமுகம் என்ற மரச் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த குடிநீர் அது, தாராளமாகக் குடிக்கலாம்.

வியாழன் குருவாயூர் சேர்ந்து, வெள்ளி விடியற்காலையில் தரிசனம். ஆண்களுக்கு வேட்டி கட்டாயம், சட்டை கூடாது, கைப்பேசியை வெளியே ஒப்படைக்க வேண்டும். வேட்டி டிக்கியில் அடிப் பெட்டிக்குள் இருந்தால் மூன்று மணிக்கு எழுந்து தேடுவீர்கள், மேலே வையுங்கள். மூத்தவர்களுக்குத் தனி வரிசை உண்டு. நேரத்தை முந்தைய நாளே விசாரித்து, வயதுச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

செலவில் ஒன்று மட்டும்: தேசிய நெடுஞ்சாலைகளுக்கான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் 2025 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது. தொடங்கியபோது சொந்தக் காருக்கு 3000 ரூபாய், ஓராண்டு அல்லது 200 முறை. மாநில அரசுகளின் சுங்கச்சாவடிகளில் செல்லாது. ஆகவே கணக்கில் கொஞ்சம் பணமும் வைத்திருங்கள். வாடகைக் கார் என்றால் மாநிலங்களுக்கான வரியும் ஓட்டுநர் பேட்டாவும் யார் தலையில் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள்.

வெள்ளியன்று திருச்சூர் தாண்டியதும் குதிரான் சுரங்கப்பாதை வரும். கேரளத்தின் முதல் சாலைச் சுரங்கம், 2021இல் திறந்தது. அதற்கு முன்பு அந்த மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து தவித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பெட்ரோலை வாளையாறு தாண்டி நம் பக்கம் வந்து நிரப்புங்கள், கேரளத்தில் விலை அதிகம். அன்றே திருச்சி போய்விடலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம், கோவையில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை காங்கயம், கரூர் வழியாக மதியச் சாப்பாட்டுக்கு வீடு சேருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு யாரையும் வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். ஐந்து பேரின் ஒரு வாரத் துணியைத் துவைத்துப் போடவே அந்த நாள் சரியாகப் போய்விடும்.