சுவிஸில் பறந்து பழகியவர் ஹப்புத்தளையிலிருந்து நமுனுகுலை வரை பாராகிளைடரில் போகலாமா?

மூன்று பருவம் சுவிஸில் பறந்திருக்கிறீர்கள், கையில் ஈ.என்.-பி வகை (பாதுகாப்புத் தர வரிசையில் இரண்டாம் படி) இறக்கை, பெப்ரவரிக் கடைசியில் ஊருக்கு, இலங்கைக்கு வருகிறீர்கள், ஹப்புத்தளையில் ஏறி எல்ல வழியாக நமுனுகுலை வரை போக ஆசை. இதுதானே கேள்வி? தூரம் பெரிதில்லை, நேர்கோட்டில் 25 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். மாதமும் நல்ல மாதம். ஆனால் அங்கே மலை உயரத்தைப் பார்த்துப் போட்ட கணக்கை இங்கே ஈரப்பதனைப் பார்த்துப் போட வேண்டியிருக்கும்.

முதலில் மேகத்தின் அடிமட்டம். தரையின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு பாகைக்கும் 125 மீட்டர் என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைத் தெற்கே அடிவாரத்தில் உள்ள வெல்லவாயப் பக்கம் போட்டுப் பாருங்கள். அங்கே தரை சுமார் 200 மீட்டர். காலை பத்து மணிக்கு 31 பாகை, பனிநிலை 23 என்று வைத்தால் மேகம் 1,200 மீட்டரில் கட்டும். ஹப்புத்தளை டவுன் இருப்பது 1,400 மீட்டருக்கு மேலே. அதாவது மேகத்தின் அடிவயிறு நீங்கள் ஏறும் இடத்துக்குக் கீழே! முற்பகலிலேயே கடைத்தெருவை மூடும் அந்த 'மிஸ்ட்' வேறொன்றுமில்லை, தாழ்நிலத்து ஈரக்காற்று சரிவேறி வந்து மேகமாகிறது. லிப்டன் சீட், உலக முடிவு என்ற காட்சி முனைகளில் விடியற்காலையிலேயே போய் நிற்கச் சொல்வதும் இதனால்தான்.

மலையின் உட்பக்கம், பண்டாரவளை வெலிமடைப் பக்கம், கதை வேறு. தரையே 1,200 மீட்டர். 26 பாகை, பனிநிலை 16 என்றால் அடிமட்டம் 2,450 மீட்டர். ஒரே முகட்டின் இரண்டு பக்கத்தில் இரண்டு வானம். ஆகவே தெற்குச் சரிவை ஒட்டிப் போகாமல், முகட்டின் உட்பக்கத்தில் போங்கள். தெற்கே பஞ்சு பஞ்சாக வெள்ளை ஏறி வருவது தெரிந்ததும் இன்னும் ஒரு கிலோமீட்டர் வடக்கே ஒதுங்குங்கள். அந்த வெள்ளைக்குள் மாட்டினால் கீழே இருப்பது பாறையா சவுக்கு மரமா என்று தெரியாது.

காற்று விஷயத்தில்தான் வெளியிலிருந்து வருபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெப்ரவரியில் வாடை தளர்ந்திருக்கும், ஆனால் முழுதாக விட்டிருக்காது. வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு ஊவாப் பக்கம் முகம், தெற்குச் சரிவில் உள்ள கொஸ்லாந்தைப் பக்கம் முதுகு. காலையில் தெற்குச் சரிவு சூடாகி மேலே காற்றை இழுக்கும்போது, ஏறும் இடத்தில் காற்று முகத்தில் அடிப்பதுபோல இருக்கும். அது நிஜக் காற்று இல்லை. மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, தோட்டத்து ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) புகைபோக்கியின் புகை மேலே போய் எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். கீழே தெற்குக் காற்று, மேலே வடகிழக்கு என்றால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் இறக்கை மடங்கும். முகட்டு உயரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் பையைத் திறக்கவே வேண்டாம். உங்கள் இறக்கையின் சாதாரண வேகமே 38 அளவுதான், பள்ளங்களில் அந்தக் காற்று ஒன்றரை மடங்காகும்.

ஆடி ஆவணியில் வரலாமா என்று பின்னால் யாராவது கேட்பீர்கள். அப்போது பண்டாரவளையில் வானம் கண்ணாடிபோல இருக்கும், மழை இருக்காது. அதுதான் பொறி. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, முகடு தாண்டி உலர்ந்து இறங்கும் காற்று அது. கிழக்கில் கச்சான் என்பார்களே, அந்த இனம். ஊவாத் தேயிலைக்கு அந்த மாதங்களில் தனிச் சுவை வருவது இந்தக் காற்றால்தான். கொழுந்துக்கு நல்லது, உங்களுக்கு ஆகாது. பட்டிப்பொளை தாண்டி ஒஹியப் பக்கத்து முகட்டில் மேகம் தொப்பி வைத்ததுபோல நகராமல் கிடந்து, அதன் கிழக்கு ஓரம் மட்டும் பிய்ந்து பிய்ந்து கரைந்தால், அந்த முகட்டுக்குக் கீழே முழுக்கச் சுழல் என்று அர்த்தம்.

தெர்மல், அதாவது சூடாகி மேலெழும் காற்று, எங்கே கிடைக்கும்? சுவிஸில் தெற்கு முகம், தெற்கு முகம் என்று தேடுவீர்கள். இங்கே நாம் இருப்பது வட அகலாங்கு 7 பாகையில். மார்ச் கடைசியில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கும், வடக்குச் சரிவும் சூடாகும். முகத்தைவிட மேற்பரப்பைப் பாருங்கள். அடர்த்தியான தேயிலை மெத்தை ஈரமானது, சோம்பேறி. மானாப்புல் காய்ந்த சரிவு, பாறை, புதிதாகக் கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் கத்தரித்த) தேயிலை மலை, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரை ஆகியவைதான் காற்றைக் கிளப்பும். ஒன்பதரைக்கு ஏறலாம். பன்னிரண்டுக்குத் திரும்புவதா தொடர்வதா என்று முடிவெடுங்கள். ஒரு மணிக்குக் கால் தரையில் இருக்கட்டும். மார்ச் பிற்பாதியில் இரண்டு மணிக்கே இடி வரும். மேகத்துக்கு அடியில் வினாடிக்கு 5 மீட்டர் மேலே இழுக்கும்போது 'பிக் இயர்ஸ்' (இறக்கையின் இரு ஓரத்தையும் மடிப்பது) போட்டாலும் இறங்க முடியாது, மேகம் தடிக்கும் முன்பே விலக வேண்டும்.

பாதையில் கடினமான இடம் ஒன்றுதான்: எல்ல இடைவெளி, மலைத்தொடரில் தெற்கு நோக்கித் திறக்கும் பள்ளம். எல்லப் பாறைக்கு மேல் 1,900 மீட்டரில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். தாளில் இறக்கை 9க்கு 1 சறுக்கும் (1 மீட்டர் இறங்குவதற்குள் 9 மீட்டர் முன்னே போகும்), இந்தக் காற்றில் 7க்கு 1 என்று எடுங்கள். 7 கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர் போய்விடும், மிச்சம் 900. எல்ல டவுனே 1,000 மீட்டருக்கு மேல், நமுனுகுலை அடிவாரம் அதைவிட உயரம். ஆக எல்லப் பக்கம் இன்னொரு ஏற்றம் கிடைக்காமல் நமுனுகுலைக்குத் திரும்பாதீர்கள். இடைவெளிக்குள் உயரம் இழந்து நுழைவதும் வேண்டாம். தாழ்நிலக் காற்று புனலில் ஊற்றியதுபோல அதற்குள் ஓடும், முன்னேறவும் முடியாது, கீழே இறங்க இடமும் குறைவு.

இறங்கும் இடத்தை ஏறுவதற்கு முதல் நாளே நடந்து பார்த்து வைக்க வேண்டும். மேலிருந்து தேயிலை மலை பச்சைக் கம்பளம்போல இருக்கும். கிட்டப் போனால் இடுப்பளவு செடி, நடுவே கான் (வடிகால்), குறுக்கே மின்கம்பி. எல்லாவற்றிலும் மோசம் கவ்வாத்து மலை. மேலிருந்து வெறும் தரையாகத் தெரியும். முழங்கால் உயரத்தில் சாய்வாக வெட்டிய தண்டுகள், ஒவ்வொன்றும் முனை சீவிய குச்சி. அதைவிட வளர்ந்த தேயிலையில் மெதுவாக உட்காருவது மேல். தோட்டத்து விளையாட்டு மைதானம், பெரட்டுக்களம் (வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடம்), பாடசாலைத் திடல் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். காய்கறித் தோட்டம் என்றால் வேலியில் கை வைக்காதீர்கள், பன்றிக்கு மின்சாரம் விட்டிருப்பார்கள்.

மரத்தில் மாட்டினால் முதலில் குளவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு கிளையை ஆட்டலாம். கொழுந்து பறிப்பவர்களைக் கொட்டும் அதே குளவி உங்களையும் கொட்டும், ஹார்னஸில் கட்டுண்டு தொங்கும்போது ஓட முடியாது. பாறை முகங்களில் மலைத்தேனீயும் உண்டு.

அனுமதியை டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள். கட்டுநாயக்கவில் உள்ள சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்கு எழுதிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். தியத்தலாவையில் இராணுவப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, அது உங்கள் பாதைக்குப் பக்கத்திலேயே வரும். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அதை விட்டுவிடுங்கள். ஏறும் இடம் தோட்டக் காணி என்றால் தோட்டத்தை நடத்தும் துரையிடமும் கேளுங்கள். வாக்கி டாக்கிக்குக் கேட்க வேண்டிய இடம் தொலைத்தொடர்பு ஆணைக்குழு. ஐ.பி.பி.ஐ. அட்டையும் (பறப்பவரின் தகுதியைக் காட்டும் சர்வதேச அட்டை) மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் கையோடு இருக்கட்டும்.

விபத்து என்றால் சுவிஸில் போல 1414 அடித்து ஹெலிகொப்டர் கூப்பிடும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். இங்கே 1990 அம்புலன்ஸ், அதுவும் பாதை இருக்கும் வரைதான். அங்கிருந்து தோட்டத்து ஆட்கள்தான் உங்களைச் சுமந்து வருவார்கள். அவர்களிடம் ஜி.பி.எஸ். எண்ணைச் சொல்லிப் பயனில்லை. தோட்டத்தின் பெயர், எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் மலை என்று சொன்னால் தேடாமல் வந்துவிடுவார்கள். முதல் நாள் நடக்கும்போதே அந்த நம்பர்களைக் கேட்டு வரைபடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.