வாட்ஸ்அப் குழுவில் என்னைத் திருடன் என்று போட்டுவிட்டார்கள், போலீஸ் புகார் வாங்கவில்லை. வேறு வழி உண்டா?

உண்டுங்க. போட்டவர் உங்கள் கம்பெனிக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவதூறு, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியும் குற்றம் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐபிசி) பிரிவு 499, 500. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பிஎன்எஸ்) பிரிவு 356. நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கேட்டுத் தனியாக சிவில் வழக்கும் போடலாம். அதற்குப் பதிவு வெளியான நாளிலிருந்து ஒரு வருஷம்தான் கெடு.

என் தங்கச்சி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். ஒரு பண்டல் கணக்கில் குறைந்தது. விசாரிக்கக்கூட இல்லை. வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஆதார் நகலை, போட்டோவும் வீட்டு விலாசமும் தெரிய, கான்ட்ராக்டர்கள் இருக்கும் குழுவில் போட்டு, "கை சுத்தமில்லை, யாரும் எடுக்காதீங்க" என்று எழுதிவிட்டார்கள். வேறு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனால், கேட்டிலேயே வாட்ச்மேன் போனைத் திருப்பிக் காட்டுகிறார், "இது நீதானம்மிணி?" என்று. டிபன் பையோடு திரும்பி வந்தாள்.

பண்டல் எம்ப்ராய்டரி போட அனுப்பிய இடத்தில் கிடந்தது. அப்புறமும் பதிவை எடுக்கவில்லை. அம்மா, "வுடு கண்ணு, பொம்பளப் புள்ள பேரு கோர்ட்டுல அடிபடோணுமா?" என்றார். நான் விடவில்லை.

வக்கீல் நோட்டீஸில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, பேரைக் கெடுக்கும் பொய்யை மூன்றாம் ஆள் படித்தாலே அவதூறு. எழுத்தில் வந்ததற்குப் பண நஷ்டத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டு, விலாசத்தைப் பரப்பியது அந்தரங்கத்தில் கை வைத்தது. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது அரசை மனதில் வைத்துத்தான் என்பார்கள். ஆனால் தனி ஆள்மீதும் நஷ்டஈடு கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1994-லேயே, ராஜகோபால் வழக்கில் சொல்லிவிட்டது. நோட்டீஸ் போன பிறகு அதே குழுவில் மறுப்பும் மன்னிப்பும் போட்டார்கள், வேலை இல்லாத நாள்களுக்குப் பணமும் கொடுத்தார்கள்.

காசுக்காகச் செய்தோம் என்று இங்கேயும் யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். அவள் இழந்த கூலி அது. நான் வக்கீல் இல்லை, எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். போட்டது உண்மை என்று அவர்கள் நிரூபித்துவிட்டால் சிவில் வழக்கு நிற்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பதிவு வந்த போனையே பத்திரமாக வையுங்கள், ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்தால், அது சரியான நகல்தான் என்று கோர்ட்டில் சான்றிதழும் கேட்பார்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அவள் சம்பளத்தில் பிஎஃப் என்று மாதாமாதம் பிடித்தார்கள், கணக்கில் ஒரு ரூபாய் ஏறவில்லை. அதற்கு இன்னும் அலைகிறோம்.