நைந்ததா, இற்றதா? கேள்வி பதில்

கே: நைந்த துணி, இற்ற துணி இரண்டும் ஒன்றுதானே ஐயா?

ப: இல்லை. நைவது உராய்வால். காலர் மடிப்பு, முழங்கை போன்ற இடங்களில் நூல் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரியும். ஆனால் இழைகள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்; உள்ளே ஒட்டுத்துணி வைத்துத் தைத்துவிடலாம். இற்றுப்போவது என்றால் இழையே வலுவிழப்பது. வெயில், வியர்வை, நாட்பட்ட மடிப்பு எல்லாம் காரணம். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். இரண்டு விரலால் இழுத்தால் விட்டுவிடும். தைத்தால் ஊசித்துளை வழியே மறுபடி கிழியும். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டுப்புடவை அந்த மடிப்போடு இற்றுப்போகும். அதை நைந்தது என்று எழுதாதீர்கள். அவ்வப்போது மடிப்பை மாற்றியும் வையுங்கள்.

கே: 'இத்துப்போன' என்று எழுதலாமா?

ப: உரையாடலில் தாராளமாக. காற்று காத்தானது போல இற்று இத்தானது. வினையடி 'இறு'. மயிலிறகையும் அளவு மீறி ஏற்றினால் வண்டி 'அச்சிறும்' (அச்சு இறும், அதாவது முறியும்) என்று குறள் 475 சொல்வது இதே சொல்தான்.

கே: பழைய மர அலமாரிக்கு என்ன சொல்?

ப: எதனால் கெட்டது என்று பாருங்கள். சின்னஞ்சிறு துளைகளும் கீழே மாவு போல் தூளும் இருந்தால் உளுத்தது, வண்டின் வேலை. மண் பூசிய தடம் தெரிந்தால் செல்லரித்தது. ஈரத்தில் ஊறி, அமுக்கினால் விரல் உள்ளே போனால் மக்கியது. 'பழைய' என்பது வயதை மட்டுமே சொல்லும், நிலையைச் சொல்லாது.

கே (யாழ்ப்பாணம்): நாங்கள் உக்கினது எண்டெல்லோ சொல்லுறம்?

ப: அதுவும் சரி. அங்கே 'உக்கும் கழிவு', இங்கே 'மக்கும் குப்பை'.

கே (மதுரை): உக்கு கொச்சைங்க. மக்குதான் தமிழ்.

ப: எதை வைத்துக் கொச்சை என்கிறீர்கள்? உக்குதல் அகராதியில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் அறிவியல் பாடத்திலோ 'மட்கும்' என்றும் வருகிறது.

கே (யாழ்ப்பாணம்): மக்கு எண்டால் படிப்பு ஏறாத ஆள்!

ப: மதுரையிலும் அப்படித்தான். இருவரும் இத்தோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: 'தேய்ந்த சட்டை' சரியா?

ப: நைந்த சட்டை. தேய்வது டயர், செருப்பின் அடி, பிறை. கைதவறித் 'தேய்த்த சட்டை' என்று எழுதினால் இஸ்திரி போட்டதாகிவிடும். உடைந்த, உடைத்த போலத்தான் இதுவும்: முன்னது தானாக ஆனது, பின்னது ஒருவர் செய்தது. உளுத்த இதில் சேராது. அது தானாக ஆனதே.

கே: பழைய கத்தி?

ப: மழுங்கிய. 'பழைய' வயதுக்கு மட்டும் என்று மேலே சொன்னேன்.

கே: பழைய செருப்பு?

ப: அடி தேய்ந்ததா, வார் பிய்ந்ததா? அதைச் சொல்லுங்கள்.

கே: பழைய வீடு?

ப: ஆளில்லாமல் இடிந்து கிடந்தால் பாழடைந்த. கோயில் மண்டபம் என்றால் சிதிலமடைந்த. குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டும் வேண்டாம், வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

கே: எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே சொல்?

ப: கிடையாது. மேலே படியுங்கள்.

கே: பழைய சோறு?

ப: நேற்று வடித்து நீரூற்றி வைத்தது. கெட்டது அல்ல. கெட்டிருந்தால் அது ஊசிப்போன சோறு, கொட்டிவிடுங்கள்.