அறிவு காட்டிய வழியைச் சித்தம் மறுக்க முடியுமா? – கேள்வி பதில்

பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அறிவு, சித்தம் (விரும்பித் தேரும் ஆற்றல்), மனிதச் செயல் குறித்து நடந்த வாதங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: அறிவு பெரிதா, சித்தம் பெரிதா என்று இத்தனை ஆண்டுகள் ஏன் வாதாடினார்கள்?

செய்த செயலுக்கு யார் பொறுப்பு என்பதுதான் உள்ளே இருந்த கேள்வி. அறிவு எதைச் சிறந்தது என்று காட்டுகிறதோ அதன்பின் சித்தம் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், பாவம் என்பது கணக்குப் பிழையாகிவிடும். பிழையாகக் கணித்தவனை எப்படித் தண்டிப்பது? சித்தம் காரணமே இல்லாமல் அறிவைத் தட்டிக்கழிக்கலாம் என்றாலோ, தேர்வுக்கும் தற்செயலுக்கும் வேறுபாடு இருக்காது. இரண்டு பக்கமும் பள்ளம்.

கேள்வி: பாரிஸில் கற்பித்த இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் சித்தத்தை அறிவுக்கு அடிமையாக்கிவிட்டார் என்கிறார்களே?

அது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் தரும் எடுத்துக்காட்டையே பாருங்கள். நோயாளி ஒருவன் குணமாக விரும்புகிறான். அந்த விருப்பமே அவனை யோசிக்க வைக்கிறது. யோசித்ததில், மருத்துவரால் குணமாகலாம் என்று தெரிகிறது. பிறகு மருத்துவரிடம் போக விரும்புகிறான். இங்கே அறிவை வேலை வாங்கியது சித்தம். சித்தத்துக்கு இலக்கைக் காட்டியது அறிவு. அதோடு, இவ்வுலகில் எந்த நன்மையும் முழுமையானது அல்ல. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறையைக் காண இடமுண்டு. ஆகவே எதுவும் சித்தத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை என்கிறார்.

கேள்வி: 1277இல் ஆயர் விதித்த தடையில் இந்த விவாதமும் அடங்குமா?

அடங்கும். பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 1270இலேயே 13 கூற்றுகளைக் கண்டித்தார். மனிதன் கட்டாயத்தால்தான் விரும்புகிறான், தேர்கிறான் என்பது அவற்றில் ஒன்று. 1277 மார்ச் 7 அன்று அந்தப் பட்டியல் 219 கூற்றுகளாக நீண்டது. ஆயருக்கு ஆலோசனை சொன்ன இறையியலாளர்களில் ஒருவர் கெண்ட் நகரத்து ஹென்றி. அறிவு சித்தத்துக்கு வழிகாட்டுகிறது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்; ஆனால் எசமானுக்கு முன்னே விளக்கேந்திச் செல்லும் வேலைக்காரனைப் போலத்தான் என்றார். போகும் திசையை முடிவு செய்பவர் எசமான்.

இத்தனைக்குப் பிறகும் வழக்கு முடியவில்லை. எட்டே ஆண்டுகளில், அறிவில் பிழை இல்லாமல் சித்தத்தில் தீமை இல்லை என்ற, அறிவின் பக்கம் சாயும் கூற்றைப் பாரிஸ் இறையியல் ஆசிரியர்கள் ஏற்றார்கள்.

கேள்வி: தெரிந்தே தவறு செய்கிறோமே, அதற்கு இவர்களிடம் விளக்கம் உண்டா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மனிதனைப் பற்றிக் கேட்டால் கோபம், ஆசை, பழக்கம் அறிவை மறைத்தன என்று சொல்லித் தப்பிவிடலாம். அதனால் கடவுளுக்கு எதிராகத் திரும்பிய வானதூதரின் வீழ்ச்சியை எடுத்துக்கொண்டார்கள். தூதருக்கு உடல் இல்லை, உடலின் வேட்கை இல்லை, வீழ்வதற்கு முன் அறிவில் குறையும் இல்லை. பிறகு எப்படி விழுந்தார்?

பதினோராம் நூற்றாண்டு இறையியலாளர் அன்செல்ம் அதற்கு முன்பே ஒரு கற்பனைச் சோதனை செய்திருந்தார். இன்பத்தை விரும்பும் நாட்டம் மட்டும் கொடுக்கப்பட்ட ஒரு தூதரை எண்ணிப்பாருங்கள். அவர் இன்பத்தை விரும்பாமல் இருக்கவே முடியாது. அப்படியானால் அவர் நீதிமானும் அல்ல, அநீதியானவரும் அல்ல. நீதியின்மீது நாட்டமும் சேர்ந்தால்தான், இன்பத்துக்கு அளவு வைக்கவோ வைக்காமல் விடவோ அவரால் இயலும். 1308இல் கொலோனில் மறைந்த இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் சித்தத்தின் சுதந்திரத்துக்கு இதையே வேராக்கினார். தனக்கு நன்மை தருவதையே சதா நாடும் இயல்பைத் தாண்டி, ஒன்றை அதன் பெறுமானத்துக்காகவே விரும்ப முடிவதுதான் அவர் கண்ட சுதந்திரம். விரும்பியதைச் செய்வதே சுதந்திரம் என்று இன்று எளிதாகச் சொல்கிறோம். ஸ்கோட்டஸ் நம்மைவிட ஆழமாகப் பார்த்தார் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஒரே மாதிரியான இரண்டு வைக்கோல் போர்களுக்கு நடுவே, எதைத் தேர்வது என்று தெரியாமல் பட்டினி கிடந்து செத்த புரிடானின் கழுதை?

பதினான்காம் நூற்றாண்டுப் பாரிஸ் தத்துவ ஆசிரியர் புரிடானின் நூல்களில் அந்தக் கழுதை இல்லை. அரிஸ்டாட்டிலிடம் பசியும் தாகமும் சமமாக இருப்பதால் நின்ற இடத்திலேயே நிற்கும் ஒரு மனிதன் உண்டு. புரிடான் சொன்னது வேறு: சித்தம் முடிவைத் தள்ளிப்போட்டு, இன்னும் ஆராய்ந்து பார் என்று அறிவைத் திருப்பி அனுப்பலாம்.