ஹைரம் ஜான்சன்: ரயில் கம்பெனியோடு மோதிய கவர்னர் (கேள்வி பதில்)

கலிஃபோர்னியாவின் கவர்னராக 1911 முதல் 1917 வரை இருந்த ஹைரம் ஜான்சனைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, வக்கீலாக இருந்தவர் எப்படி அரசியலுக்கு வந்தார்?

பதில்: ஒரு துப்பாக்கிக் குண்டுதான் காரணம். சான் பிரான்சிஸ்கோ நகராட்சியையே ஆட்டிவைத்த ஏப் ரூஃப் மீது லஞ்ச வழக்கு நடந்தது. 1908 நவம்பரில், அரசு வக்கீல் ஃபிரான்சிஸ் ஹெனியை கோர்ட்டுக்குள்ளேயே ஒருவன் முகத்தில் சுட்டான். ஜூரியாக வர இருந்த அவனுடைய பழைய சிறைவாசத்தை ஹெனி முன்பு எல்லோர் எதிரிலும் அம்பலப்படுத்தியிருந்தார். அந்த ஆத்திரம். ஹெனி பிழைத்துக்கொண்டார். ஆனால் வழக்கை முடித்தது ஜான்சன். ரூஃபுக்கு 14 ஆண்டு சிறை. ஜான்சன் பெயர் மாநிலம் முழுக்கப் பரவியது.

கேள்வி: அப்பாவோடு ஆகாதாமே?

பதில்: உண்மைதான். தந்தை குரோவ் ஜான்சனும் அரசியல்வாதி, அன்று மாநில அரசியலையே கையில் வைத்திருந்த சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் பக்கம் நின்றவர். மகனோ அதே கம்பெனியை அரசியலிலிருந்து உதைத்துத் தள்ளுவேன் என்று சொல்லியே 1910இல் ஓட்டுக் கேட்டார். அதுவும் ரயிலில் போய் அல்ல, சிவப்புக் காரில் ஊர் ஊராக! ஓர் ஊருக்குள் நுழைந்ததும் மாட்டு மணியை அடித்துக் கூட்டம் சேர்ப்பார்களாம்.

கேள்வி: ஜெயித்த பிறகு சொன்னதைச் செய்தாரா?

பதில்: செய்தார். ரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் ஆணையத்துக்கு உண்மையான அதிகாரம் வந்தது. 1911 அக்டோபர் 10 அன்று நடந்த வாக்கெடுப்பில் மக்களே சட்டம் கொண்டுவரவும், சட்டமன்றம் போட்ட சட்டத்தை நிராகரிக்கவும், பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கவும் வழி பிறந்தது. 2003இல் அப்போதைய கவர்னர் கிரே டேவிஸை இறக்கி அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகரை கவர்னராக்கியது இந்த ஏற்பாடுதான்.

கேள்வி: பெண்களுக்கு ஓட்டுரிமை தந்ததும் இவர்தானே?

பதில்: அந்தப் பெருமை பெண்களுக்கே சேரவேண்டும். அதே நாள் வாக்கெடுப்பில் 3,587 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்கள். ஜான்சனுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை.

கேள்வி: இவ்வளவு நல்லவரா? நம்ப முடியவில்லையே.

பதில்: நம்ப வேண்டாம். 1913இல் அந்நியர் நிலச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் இவரே. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் விவசாய நிலம் வாங்கக் கூடாது, குத்தகையும் 3 ஆண்டுக்கு மேல் கூடாது. ஜப்பான் என்ற பெயரே சட்டத்தில் கிடையாது, ஆனால் குறி யார் மீது என்பது எல்லோருக்கும் தெரியும். ஜனாதிபதி வில்சன் தன் வெளியுறவு அமைச்சர் பிரையனையே மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு அனுப்பிப் பார்த்தார், பலிக்கவில்லை. இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும், பஞ்சாபி விவசாயிகளும் இதே வலையில் சிக்கினார்கள். மக்களுக்கு அதிகாரம் என்றவரின் கணக்கில் யார் மக்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இங்கேதான். 1952இல்தான் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது.

கேள்வி: ஒரு ஹோட்டலால் ஜனாதிபதி பதவியே கைமாறியது என்கிறார்களே?

பதில்: கொஞ்சம் மிகை, ஆனால் சுவையான கதை. 1916இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் லாங் பீச்சில் தங்கிய ஹோட்டலிலேயே ஜான்சனும் இருந்தார். சந்திக்காமலே ஹியூஸ் கிளம்பிவிட்டார். அவர் அங்கிருப்பது தெரியாது என்று பிறகு சொன்னார். ஜான்சன் ஆட்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவை ஹியூஸ் இழந்தது 4,000க்கும் குறைவான ஓட்டில். அது கிடைத்திருந்தால் அவர்தான் ஜனாதிபதி. அதே தேர்தலில் ஜான்சன் ஏறக்குறைய 3 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் செனட்டர் ஆனார்!

கேள்வி: அவருக்கே ஜனாதிபதி ஆசை இல்லையா?

பதில்: நிறைய. 1912இல் தியோடர் ரூஸ்வெல்ட்டுடன் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்று தோற்றார். 1920இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஹார்டிங்கின் துணையாக நிற்க அழைப்பு வந்தபோது, இரண்டாம் இடம் வேண்டாம் என்று மறுத்தார். 1923இல் ஹார்டிங் பதவியிலேயே இறந்தார், அதுவும் ஜான்சனின் சான் பிரான்சிஸ்கோவில். நாற்காலி துணை ஜனாதிபதியாக இருந்த கூலிட்ஜுக்குப் போனது.