பவளப்பாறையை விட்டுவிட்டு 8 டிகிரி தண்ணீரில் எதற்கு முங்குகிறார்கள்?

கேள்வி இதுதான்: அந்தமானில் தெளிந்த தண்ணீரும் பவளப்பாறையும் இருக்கும்போது, கனடா மாதிரிக் குளிர்க்கடலில் ட்ரை சூட் (தண்ணீர் உள்ளே புகாத டைவிங் உடை) மாட்டிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு அங்கே பார்க்கவும் படம் எடுக்கவும் அப்படி என்னதான் இருக்கிறது?

எனக்கு ஊர் பள்ளத்தூர், வேலை வான்கூவர் பக்கம், டைவிங் பழகியதும் அங்கேதான். இப்போது விடுமுறைக்கு வந்து சித்திரை வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் குளிர்தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் ஏக்கமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே உயிர் அதிகம், அவ்வளவுதான் விஷயம். வெப்பக் கடல் கண்ணாடி மாதிரித் தெரிகிறது என்றால் அந்தத் தண்ணீரில் சத்து குறைவு என்று அர்த்தம். பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் தீவுகளுக்கு நடுவே குறுகலான கால்வாய்களில் ஓதமும் வற்றமும் ஆற்று வெள்ளம் போல ஓடும், அது ஆழத்தில் கிடக்கும் சத்தையெல்லாம் மேலே கிளப்பிவிடும், அதில் மிதவை உயிரிகள் பெருகித் தண்ணீரே பச்சையாகிவிடும், மற்ற எல்லாம் அதைத் தின்று வளர்கின்றன. வான்கூவர் தீவின் வடக்கு முனையில் போர்ட் ஹார்டிக்குப் பக்கத்தில் பிரௌனிங் பாஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. செங்குத்தான பாறைச் சுவர். ஆனால் பாறையைப் பார்க்க முடியாது, சிவப்பு மென்பவளம், மஞ்சள் கடற்பஞ்சு, வெள்ளைக் கடற்சாமந்தி என்று உள்ளங்கை வைக்க இடமில்லாமல் மூடியிருக்கும். நீரோட்டம் அடங்கி நிற்கும் அந்தச் சிறிது நேரத்தில்தான் இறங்க முடியும், ஓத அட்டவணையைப் பார்க்காமல் அங்கே யாரும் படகை விட்டுக் குதிப்பதில்லை.

எதிரே எவ்வளவு தூரம் தெரியும் என்பதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கோடையில் மூன்று மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நாளும் உண்டு. குளிர்காலத்தில் வெயில் குறைந்து மிதவை உயிரிகள் அடங்கியதும் தண்ணீர் தெளியும், அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் டிசம்பர், ஜனவரியில் இறங்குகிறார்கள். ஆழத்தில் வருஷம் முழுக்க 7 முதல் 10 டிகிரிதான், கீழே போய்விட்டால் எந்த மாதம் என்றே தெரியாது. கரையேறி மழையில் நின்று உடை மாற்றும்போதுதான் எந்த மாதம் என்பது உறைக்கும்.

தூரமாகப் பார்க்க முடியாததால் பக்கத்தில் பார்க்கப் பழகுவீர்கள், எனக்குப் பிடித்தது அதுதான். வெஸ்ட் வான்கூவரில் வைட்கிளிஃப் பூங்கா என்று ஒரு கரை, 1993 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி, காரை நிறுத்திவிட்டு நடந்தே தண்ணீருக்குள் போய்விடலாம். அந்தப் பக்கத்துக் கடலில் பசிபிக் ராட்சதப் பேய்க்கணவாய் இருக்கிறது, உலகத்திலேயே பெரிய ஆக்டோபஸ் இனம். நன்றாக வளர்ந்ததன் கைவிரிப்பு நாலு மீட்டரைத் தாண்டும். ஆனால் பகலில் அது பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும், நேரடியாகத் தேடினால் கண்ணில் படாது.

போன வாரம் பட்டாலையில் டிவியில் படங்களைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகள் எல்லாம் "எங்க, எங்க" என்று பேய்க்கணவாயைத் தேட, அப்பத்தா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் கீழ் மூலையைக் காட்டி, "ஏப்பா, அங்கன யாரு நண்டு தின்னுட்டு ஓட்டைக் கொட்டியிருக்கா?" என்றார்கள். அதேதான். இடுக்கின் வாசலில் நண்டு ஓடுகள் குவிந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மேல் ஓடு தனி, கால் தனி, உள்ளே ஒரு துணுக்குச் சதை மிச்சம் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கூட வந்த பழைய டைவர் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது, அப்பத்தாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எத்தனை நண்டு உடைத்த கை அது! அடுத்த கேள்வி, "இதைக் கறி வைப்பாகளா?" "வைப்பாங்க அப்பத்தா, ஆனா அந்த இடத்துல எதையும் பிடிக்கக் கூடாது" என்றேன். "அப்ப எதுக்குக் காசு குடுத்து முங்குற?" என்றார்கள். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

வாசலில் ஓடு இருந்தால் டார்ச்சை நேராக உள்ளே அடிக்காமல் ஓரமாகப் பிடித்துப் பாருங்கள். முதலில் வெள்ளை வட்டங்களாக உறிஞ்சிகள் தெரியும், அப்புறம் ஒரு கண், கோடு போட்ட மாதிரிப் படுத்த கண்மணி. சில சமயம் உறிஞ்சிகளுக்குப் பின்னால் அரிசி அளவு முட்டைகள் கொத்துக் கொத்தாகக் கூரையிலிருந்து தொங்கும். தாய் ஆறேழு மாதம் இரை தேடப் போகாமல் அந்த முட்டைகளுக்குத் தண்ணீர் ஊதி, துடைத்து, குஞ்சு பொரிந்ததும் செத்துப்போகும். அப்படி ஒன்றைக் கண்டால் ஓரிரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நல்ல படத்துக்காகக் குச்சியால் கிளறி வெளியே இழுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களோடு மறுபடி டைவ் போகவில்லை.

படம் எடுப்பதைப் பற்றி. தண்ணீருக்குள் சிவப்பு நிறம்தான் முதலில் காணாமல் போகும், சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் நீலமும் அடிபட்டுப்போகும், அதனால் வெளிச்சத்தை நீங்கள்தான் கொண்டு போக வேண்டும். சிக்கல் என்னவென்றால் தண்ணீர் முழுக்கத் துகள்கள். ஃப்ளாஷை லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்து அடித்தால் ஒவ்வொரு துகளும் பனி கொட்டுகிற மாதிரிப் படத்தில் விழும். ஸ்ட்ரோப் என்கிற தனி ஃப்ளாஷ் விளக்குகள் இரண்டையும் நீளமான கைகளில் மாட்டி இருபுறமும் அகட்டி, சற்று வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் ஒளிக்கற்றையின் விளிம்பு மட்டும் பொருளின் மேல் படும், லென்ஸுக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் இருட்டாகவே இருக்கும். அதைவிட முக்கியம் கிட்டே போவது. மிக அகலமாகப் பார்க்கும் ஃபிஷ்ஐ லென்ஸ் போட்டுக்கொண்டு ஓர் அடி தூரத்துக்குள் போனால் இடையில் இருக்கும் தண்ணீரே குறைந்துவிடும், துகளும் குறையும். பின்னணிப் பச்சையும் பதிய வேண்டும் என்றால் ஷட்டர் வேகத்தை 1/60 நொடி அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். பச்சையை எடிட்டிங்கில் நீலமாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு உடன்பாடு இல்லை, அந்தக் கடல் பச்சைதான்.

ஹவுசிங்கை, அதாவது கேமராவைத் தண்ணீர் படாமல் காக்கும் பெட்டியை, சூடான அறையில் மூடினால் உள்ளே மாட்டிய ஈரக்காற்று குளிர்ந்த தண்ணீருக்குப் போனதும் கண்ணாடியில் ஆவியாகப் படியும். காய்ந்த குளிர்காற்றில் மூடுங்கள், ஒரு சிலிகா ஜெல் பொட்டலமும் போடுங்கள். தடித்த கையுறையோடு சின்னப் பொத்தான்களை அமுக்க வராது, கேமரா செட்டிங்கையெல்லாம் கரையிலேயே சரிசெய்துவிட்டு இறங்குவது நல்லது. பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர் குளிர்நீருக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பனி கட்டிக் காற்று நிற்காமல் கொட்ட ஆரம்பித்துவிடும்.

பெரியது எதுவும் கண்ணில் படாத நாளில் மேக்ரோ, அதாவது சின்ன உயிர்களைக் கிட்டே போய்ப் பெரிதாக எடுப்பது. ஹெர்மிசெண்டா என்று ஓடில்லாத ஒரு கடல் நத்தை, விரல் நீளம், முதுகு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டும் செல்கள் உள்ள ஹைட்ராய்டு என்கிற, செடி மாதிரித் தெரியும் சிறு கடல் விலங்குகளைத் தின்று, அந்தச் செல்களை வெடிக்காமல் கடத்திக்கொண்டு போய் அந்த விரல் நுனிகளில் சேர்த்து வைத்துத் தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்கிறது. திருட்டு ஆயுதம்!

எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சூரியகாந்தி நட்சத்திர மீன் என்று 24 கைகள் வரை உள்ளது, ஒரு மீட்டர் அகலம் வளரும், கடல் முள்ளெலிகளைத் தின்று கெல்ப் என்கிற பெரிய கடற்பாசிக் காடுகளைக் காத்து வந்தது. 2013-இல் ஒரு நோய் பரவியது, கை கையாகக் கழன்று கரைந்துபோனது, மொத்த எண்ணிக்கையில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. 2020-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியாதான் காரணம் என்று 2025-இல்தான் கண்டுபிடித்தார்கள். எங்கே எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போட்ட ஆய்வாளர்களுக்கு, ரீஃப் என்ற அமைப்பில் தன்னார்வ டைவர்கள் டைவுக்குப் பின் எழுதிக் கொடுத்த குறிப்புகளும் பயன்பட்டன. அதனால் இப்போது நட்சத்திர மீன் எது கண்ணில் பட்டாலும், படம் சுமாராக வந்தாலும், தேதியும் இடமும் ஆழமும் எழுதி வைக்கிறேன்.

நம் ஊரிலிருந்து தொடங்க வேண்டும் என்றால், முதல் சான்றிதழைப் புதுச்சேரியில் வாங்குங்கள், அங்கே டைவிங் பள்ளிகள் இருக்கின்றன. பல நாட்கள் அங்கே தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும், கண்மாயில் நீச்சல் பழகியவர்களுக்கு அது பயமாக இருக்காது, பின்னால் குளிர்க்கடலுக்கு அது நல்ல பயிற்சியும்கூட. ட்ரை சூட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டும், அதைக் குளிர்க்கடல் உள்ள ஊரிலேயே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் காற்றை அடக்கி ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்க வரும்வரை கேமரா வேண்டாம். அதுவரை நல்ல டார்ச் ஒன்று போதும், அதை அடிக்கும்போதுதான் அந்தச் சிவப்பெல்லாம் தெரியும்.